கடைசிப் புத்தகத்தில் ஏமாற்றாத தொடர்: பிரிடெய்ன் பற்றிப் பேசுவோமா?

மாடிப்படி வாசகன்:

முதலில் எச்சரிக்கை. ஐந்து புத்தகங்களின் கதையையும், குறிப்பாகக் கடைசிப் புத்தகத்தின் முடிவையும், முழுதாக உடைத்துத்தான் எழுதப்போகிறேன். இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளுங்கள். பிறகு என்னைத் திட்டிப் பயனில்லை.

பிரிடெய்ன் என்ற கற்பனை நாட்டை வைத்து லாயிட் அலெக்சாண்டர் எழுதிய வரிசையைச் சென்ற வாரம் மறுபடி படித்து முடித்தேன். 1964இல் ‘தி புக் ஆஃப் த்ரீ’ வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்றாக வந்து, 1968இல் ‘தி ஹை கிங்’ உடன் தொடர் நிறைவடைந்தது. அந்தக் கடைசி நூலுக்குத்தான் 1969இல், அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் கிடைத்தது. சிறுவர்களுக்கான ஃபேண்டஸித் தொடர்கள் நூறு இருக்கலாம். முடிவு நெஞ்சில் நிற்பவை மிகச் சில. அவற்றில் எனக்கு இதுவே முதலிடம். ஏன் என்று சொல்கிறேன்.

கதையின் நாயகன் டாரன். ஒரு பண்ணையில் குறி சொல்லும் பன்றியைப் பார்த்துக்கொள்ளும் பையன். பெற்றோர் யாரென்று தெரியாது. வாளேந்திப் பெரிய வீரனாக வேண்டும் என்பது முதல் புத்தகத்தில் அவனுடைய ஆசை. தான் ஏதோ ஓர் உயர்குடியில் பிறந்தவன் என்று ஒருநாள் தெரியவரும் என்ற ஏக்கம் அதற்கும் அடியில் இருக்கிறது. நாம் படித்த கதைகளில் இந்த ஏக்கம் தீராமல் போனதே இல்லை. மச்சம் இருக்கும், மோதிரம் இருக்கும், கடைசியில் அரசகுமாரன் என்று தெரியும்.

இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. போர் முடிந்த பிறகு மந்திரவாதி டால்பென் உண்மையைச் சொல்கிறார். ஒரு போர்க்களத்தில், கொல்லப்பட்டுக் கிடந்தவர்களுக்கு அருகே குழந்தை அழும் சத்தம் கேட்டது, எடுத்து வந்தேன், பெற்றோர் பிரபுக்களா குடியானவர்களா என்று எனக்கும் தெரியாது. அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு விடையே இல்லை.

இன்னொன்று. மரணத்தின் தலைவனான அரான் செத்து விழும் இடத்தில் புத்தகம் முடிவதில்லை. அதற்குப் பிறகும் கணிசமான பக்கங்கள் இருக்கின்றன, தொடரின் உச்சமே அங்கேதான். மந்திர சக்தி உள்ளவர்கள் எல்லோரும் சாவும் நோயும் இல்லாத ‘கோடை நாட்டுக்கு’ கப்பலேறப் போகிறார்கள். டாரனுக்கும் இடம் உண்டு, அவன் காதலிக்கும் எய்லோன்வியும் போகிறாள். அவன் ஓர் இரவு முழுவதும் யோசித்துவிட்டு, போகவில்லை என்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணங்களைக் கவனியுங்கள். பண்ணையில் அவனோடு இருந்து போரில் இறந்த கோல் என்ற முதியவர் விட்டுப்போன காய்கறித் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பொன்னாக விளைந்து இன்று தரிசாகக் கிடக்கும் ரெட் ஃபாலோஸ் நிலத்தை மறுபடி விளையச் செய்ய வேண்டும். மோனா தீவில் அதன் அரசன் ரூன் அரைகுறையாக விட்ட கடல் தடுப்புச் சுவரைக் கட்டி முடிக்க வேண்டும்.

இறவாமையை ஒருவன் வேண்டாம் என்பதற்குத் தோட்டமும் மதில் சுவரும் காரணம்! இந்த வேலைப் பட்டியலைப் படிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது, சாவுக் காட்சிகளில் அல்ல. உங்கள் கருத்து என்ன?

ஆறாம் விரல்:

இதன் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். டிஸ்னியின் ‘தி பிளாக் கால்ட்ரன்’. படம் சுமார்தான். நீங்கள் சொல்லும் தோட்டம், சுவர், கப்பல் எதுவும் அதில் இல்லையே?

நூலகத்துப் பூனை:

ஆறாம் விரல், அந்தப் படத்தை வைத்து இந்தத் தொடரை எடைபோடாதீர்கள். 1985இல் வந்தது. முதல் இரண்டு புத்தகங்களைப் பிய்த்துப்போட்டுச் சேர்த்து ஒரு கதை செய்தார்கள். பெரும் செலவில் எடுத்து, வசூலில் படுத்துவிட்டது. முடிவு என்று ஒன்று இருக்கவே முடியாது, ஏனென்றால் அவர்கள் இரண்டாம் புத்தகத்தைத் தாண்டவே இல்லை.

ஆசிரியரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலெக்சாண்டர் பிலடெல்ஃபியாக்காரர், 1924இல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தபோது பயிற்சிக்காக வேல்ஸில் தங்க நேர்ந்தது. அந்த மலைகளும் கோட்டைகளும் மனத்தில் தங்கிவிட்டன. ‘மபினோகியன்’ என்று வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுதி ஒன்று உண்டு. குவிடியன், அரான், பிரிடெரி, குறி சொல்லும் பன்றி ஹென் வென் எல்லாம் அந்த வேல்ஸ் மரபிலிருந்து எடுத்தவை. ஆனால் டாரனை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. புராணப் பெயர்கள் சூழ்ந்த உலகத்தில் புராணமே இல்லாத ஒரு பையனை நிறுத்தினார். பெற்றோர் தெரியாதவன் என்பது கதைக்கு வெளியிலும் உண்மைதான்.

திருச்சி கோதை:

மாடிப்படி வாசகன் உருகிவிட்டார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன்.

டாரன் தங்குகிறான், சரி. எய்லோன்வி? அவள் லிர் குலத்தின் இளவரசி, மந்திரக்காரிகளின் வழிவந்தவள். மந்திர சக்தி உள்ளவர்கள் நாட்டில் தங்க முடியாது என்று விதி. அவள் தங்க வேண்டுமானால் என்ன வழி? டான் குலத்து இளவரசன் குவிடியன் கொடுத்த மோதிரத்தைத் திருகி, முழு மனத்தோடு விரும்பி, தன் சக்தி முழுவதையும் துறக்க வேண்டும். துறக்கிறாள். கையில் எப்போதும் ஒளிவீசிக்கொண்டிருந்த அந்தப் பொன் பந்தும் அணைந்துவிடுகிறது.

தொடரிலேயே அதிகம் பேசியவள் அவள். அதிகம் யோசித்தவளும் அவளே. டாரன் அசட்டுத்தனம் செய்யும்போதெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னவள். கடைசியில் அவனுக்குக் கிடைத்தது மணிமுடி. அவளுக்குக் கிடைத்தது கணவன். நான் வகுப்பில் பாடம் நடத்துகிறவள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, “மிகவும் நிறைவான முடிவு” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாடிப்படி வாசகன்:

கோதை அக்கா, இதை நீங்கள் எழுப்புவீர்கள் என்று தெரியும்.

மூன்றாம் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள், ‘தி காசில் ஆஃப் லிர்’. அங்கேயே அவள் முன்னால் இந்தத் தேர்வு வந்துவிட்டது. தன் குலத்தின் மந்திரங்கள் எழுதிய புத்தகம் கையில் இருக்கிறது. அதைச் சூனியக்காரி அக்ரென் கைப்பற்றினால் நாடே அழியும். அவளே அதை எரியச் செய்கிறாள். பாட்டி, கொள்ளுப்பாட்டி சேர்த்த சொத்து முழுவதும் அன்று போயிற்று. அதற்கு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்தாம் புத்தகத்தில் மோதிரத்தைத் திருகுவது அதே முடிவின் தொடர்ச்சி. புதிதாகத் தலையில் கட்டியது இல்லை.

தவிர, டாரனும் துறக்கிறானே. சாவில்லாத வாழ்வை விடுகிறான். அவள் தன்னுடன் இருக்க மாட்டாள் என்று தெரிந்தேதான் அந்த முடிவை எடுக்கிறான். மோதிரத்தால் அவள் தங்க முடியும் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறது.

திருச்சி கோதை:

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது. அவள் இரண்டு முறை விடுகிறாள். அவன் ஒரு முறை விடுகிறான். அவன் விடுவது இன்னும் கிடைக்காத ஒன்றை, அவள் விடுவது பிறந்தது முதல் தன்னிடம் இருந்ததை. இரண்டும் ஒரே நிறையா?

அவளுடைய முடிவு அவளுடையதே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் அப்படித்தான் செய்வாள், குணத்துக்குப் பொருந்துகிறது. என் சண்டை ஆசிரியரோடு. அந்த விதியை எழுதியவர் அவர். மந்திரத்தையும் இந்த நாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர். போடாமலும் இருந்திருக்கலாம். பன்றி ஹென் வென் மட்டும் பண்ணையிலேயே குட்டிகளோடு சுகமாக இருக்கிறதே, அதற்கு எந்தத் துறவும் வேண்டியிருக்கவில்லையே!

வாடாமல்லி:

பன்றிக்கு இருக்கும் அதிர்ஷ்டம் நமக்கு ஏது, அக்கா.

பழைய பேப்பர்:

நான் வேறு பக்கத்திலிருந்து கல் எறிகிறேன்.

பெற்றோர் தெரியாதது பெரிய புரட்சி என்கிறார் மாடிப்படி. ஆனால் அதே காட்சியில் டால்பென் இன்னொன்றும் சொல்கிறார், அதை அவர் விழுங்கிவிட்டார். எந்தக் குலமும் இல்லாத ஒருவன் பிரிடெய்னை ஆள்வான் என்று அவரிடம் இருக்கும் ‘புக் ஆஃப் த்ரீ’ என்ற மந்திரப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததாம். அப்படி ஒருவனைத் தேடிப் போனபோதுதான் டால்பென் இந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார். அப்படியென்றால் இது என்ன? மச்சத்துக்குப் பதிலாக மச்சமின்மை. அரசகுமாரன் என்பதற்கு இருந்த அடையாளத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, அதே சிம்மாசனத்தில் அதே பையனை உட்கார வைத்துவிட்டார். பன்றிக்காவலன் பன்றிக்காவலனாகவே, அல்லது ஒரு குயவனாக, தோட்டக்காரனாக முடிந்திருந்தால் நானும் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். மன்னனாக்கியதில் சாயம் வெளுத்துவிட்டது.

அந்தக் கப்பல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லவர்கள் எல்லோரையும் கப்பலேற்றி மேற்கே அனுப்புவது 1968க்கு முன்பே டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொடரில் வந்துவிட்டது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

மாடிப்படி வாசகன்:

விழுங்கவில்லை, பழைய பேப்பர் ஐயா, நீளம் கருதி விட்டேன். எடுத்துவிட்டீர்கள், பேசிவிடலாம்.

டால்பென் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வது என்ன? அது நடந்தது, நடப்பது, நடக்கவிருப்பது மூன்றையும் சொல்வதால் அந்தப் பெயர். ஆனால் உண்மையில் அது முழுக்க முழுக்க ‘ஒருவேளை’களின் புத்தகம். இவன் இப்படிச் செய்தால் இது நடக்கும், செய்யாவிட்டால் நடக்காது. டாரன் முடிவெடுத்து முடிக்கும்வரை அவன்தான் அந்த ஆள் என்பது டால்பெனுக்கே உறுதியில்லை. கண்டெடுத்த நாளில் அது ஒரு நம்பிக்கை, அவ்வளவே. அவன் கப்பலேறியிருந்தால் அந்த வரி வெறும் வரியாகவே போயிருக்கும். இங்கே வரிசையைப் பாருங்கள். தங்குகிறேன் என்று அவன் சொல்வது முதலில். நீதான் அரசன் என்று அவர்கள் சொல்வது பிறகு. மணிமுடிக்காக அவன் தங்கவில்லை. சுவர் கட்டத் தங்கினான், சுவர் கட்டுகிறவனே அரசனாக இருக்கட்டும் என்றார்கள்.

முந்தைய இரவு அந்த மூவர், ஓர்டு, ஓர்வென், ஓர்கோச், அவனிடம் வருகிறார்களே, அந்தக் காட்சியும் இதைத்தான் சொல்கிறது. சதுப்பு நிலத்துக் கிழவிகளாக நம்மை இரண்டு புத்தகங்களில் சிரிக்க வைத்தவர்கள் அங்கே அழகிய உருவத்தில் வந்து, அவன் வாழ்க்கையை நெய்த துணியைக் கொடுக்கிறார்கள். நெசவு பாதியில் நிற்கிறது. இதன் கோலத்தைத் தேர்ந்தெடுத்தது நீதான் என்கிறார்கள். விதியின் உருவங்களே விதியை மறுக்கின்றன. இதற்கு மேல் ஓர் ஆசிரியர் எப்படிச் சொல்ல முடியும்?

கப்பல் விஷயத்தில் சண்டை போட மாட்டேன். ஆனால் அங்கே நாயகன் கப்பலேறினான். இங்கே ஏறவில்லை.

நூலகத்துப் பூனை:

இந்த விவாதத்துக்குள் நான்காம் புத்தகத்தைக் கொண்டுவராமல் எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

‘டாரன் வாண்டரர்’, 1967. இந்தத் தொடர் ஒரு கட்டத்தில் நான்கு புத்தகங்களாகத்தான் இருந்தது. பதிப்பாசிரியர் ஆன் டுரெல்தான், கடைசிக்கு முன்னால் ஏதோ ஒன்று குறைகிறது என்று சொன்னார். அப்படி இடையில் வந்து சேர்ந்தது இது. ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. அரானின் படை இல்லை, பெரிய போர் இல்லை. எய்லோன்விகூட இல்லை. பையன் தன் பெற்றோரைத் தேடி நடக்கிறான். க்ராடாக் என்ற ஏழை ஆட்டிடையர், நான்தான் உன் தகப்பன் என்கிறார். டாரன் வெட்கத்தால் கூசுகிறான். பிரபு வீட்டுப் பிள்ளை என்று எண்ணியிருந்தவனுக்கு நொண்டிக் கால் ஆட்டிடையன் தகப்பனா? அந்த மனிதர் ஆபத்தில் கிடக்கும்போது, செத்துப்போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தும்விடுகிறான். பிறகு க்ராடாக் சொன்னது பொய் என்று தெரிகிறது. அதற்குள் டாரனுக்குத் தன்னைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அதன் பிறகு உழைப்பாளிகளின் ஊர்களில் கைத்தொழில் கற்கிறான். கொல்லரிடம், நெசவுக்காரக் கிழவியிடம், குயவரிடம். முதல் இரண்டும் ஓரளவு கைவருகின்றன, ஆனால் மனம் ஒட்டவில்லை. மண்பாண்டம் வனைவதில் உயிரே இருக்கிறது, அது வரவில்லை. எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கை அவனுக்கு வாய்க்கவில்லை. சிறுவர் நூல் ஒன்றில், நீ மிகவும் விரும்புவது உனக்கு வராமல் போகலாம் என்று இவ்வளவு நேராகச் சொன்ன இடம் எனக்கு வேறு நினைவில்லை. பழைய பேப்பர் ‘குயவனாக முடிந்திருக்கலாம்’ என்றாரே, அந்தக் கதவை ஆசிரியர் நான்காம் புத்தகத்திலேயே சாத்திவிட்டார்.

ஐந்தாம் புத்தகத்தில் போருக்கு ஆள் திரட்டும்போது அவன் அழைப்புக்கு வருகிறவர்கள் யார்? இந்தக் கொல்லர்களும் நெசவாளர்களும்தான். அவன் அரசனாவது பற்றி நமக்கு உறுத்தவில்லை என்றால் காரணம் இங்கே இருக்கிறது. இந்தப் புத்தகத்தைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதைப் படித்தவர்களுக்கு முடிவு ‘சட்டென்று பட்டம் சூட்டினார்கள்’ என்றுதான் தோன்றும்.

பழைய பேப்பர்:

நான் தாண்டிக் குதிக்கவில்லை. படித்தேன். குயவர் அன்லாவை ஐந்தாம் புத்தகத்தில் ஊரோடு எரித்துக் கொன்றதையும் படித்தேன்.

வாடாமல்லி:

சாவுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன்.

முதல் நான்கு புத்தகங்களில் நமக்கு நெருக்கமானவர்கள் அதிகம் சாகவில்லை. இரண்டாவதில் அடாவோன் இறக்கிறார், எலிடிர், பிணங்களைச் சாகாத வீரர்களாக்கும் மந்திரக் கொப்பரைக்குள் பாய்ந்து அதை உடைத்து உயிர்விடுகிறான். மற்றபடி நம் கூட்டம் தப்பித்துவிடும். ஐந்தாவதில் ஆசிரியருக்கு இரக்கமே இல்லை. மூன்றாவதில் நாம் வயிறு வலிக்கச் சிரித்த ரூன் நினைவிருக்கிறானா? தடுக்கி விழுவதற்கென்றே பிறந்த இளவரசன். ஐந்தாவதில் அரசனாகி, துறைமுகத்தில் கடல் சுவர் கட்டுகிறான். வேலை பாதி நேரத்தில் முடியட்டும் என்று இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் தொடங்குகிறான். நடுவில் இரண்டும் ஒன்று சேரவில்லை! இதைச் சிரித்துக்கொண்டே படித்தேன். கொஞ்சப் பக்கங்கள் தள்ளி, தன் பின்னால் பெரும்படை இருப்பதுபோல் கூவிக் கட்டளையிட்டு எதிரியைக் குழப்பி, அந்தத் துணிச்சலிலேயே இறந்துபோகிறான். கடைசியில் டாரன் பட்டியலில் அந்தச் சுவர் வரும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஃப்ளெவ்டரின் யாழும் அப்படித்தான். பாணன் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசினால் தந்தி அறுந்துவிடும். நான்கு புத்தகங்களாக ஓடிய நகைச்சுவை அது. ஐந்தாவதில் பனிமலையில் எல்லோரும் விறைத்துச் சாகக் கிடக்கும்போது, அவரே அந்த யாழை முழங்காலில் வைத்து உடைத்து விறகாக்குகிறார். இரவு முழுவதும் எரிகிறது, எரியும்போது இசை வருகிறது. அந்த நேரத்தில் அவர் சொல்லும் பெரிய பொய், ‘நல்லவேளை, தொல்லை விட்டது’ என்ற பாவனை. அறுவதற்குத் தந்தி இல்லை.

ஆறாம் விரல்:

வாடாமல்லி, அந்தக் கடைசி வரிக்காகவே வாங்கிப் படிக்கப் போகிறேன், கதை முழுவதும் தெரிந்த பிறகும்.

நான் வளர்ந்தது பெர்சி ஜாக்சனோடு. ரிக் ரையர்டனின் முதல் ஐந்து புத்தகங்கள், 2009இல் ‘தி லாஸ்ட் ஒலிம்பியன்’ உடன் முடிந்தவை. நீங்கள் சொல்வதைக் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது. போர் முடிந்ததும் கடவுளர்கள் பெர்சிக்கு இறவாமை தருகிறோம் என்கிறார்கள். அவன் வேண்டாம் என்கிறான். அதற்குப் பதிலாக, உங்கள் பிள்ளைகளைப் பதின்மூன்று வயதுக்குள் உங்கள் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்ளுங்கள், சிறிய கடவுளர்களின் பிள்ளைகளுக்கும் முகாமில் தங்குமிடம் கொடுங்கள் என்று கேட்கிறான். போரே அதனால்தான் வந்தது, தகப்பன்மார் கண்டுகொள்ளாத பிள்ளைகள்தான் எதிரிப் பக்கம் போனார்கள். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. நிர்வாகச் சீர்திருத்தத்தை ஒரு நாயகன் வரமாகக் கேட்டதை அப்போதுதான் பார்த்தேன். அன்று அதன் அருமை தெரியவில்லை, சண்டை எப்போது வரும் என்றுதான் பக்கம் புரட்டினேன்.

கரிசல்காட்டான்:

முடிவென்றால் நிறைவு மட்டும்தானா? ஃபிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்றாம் நூல், 2000இல் வந்த ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’. லைராவும் வில்லும் வெவ்வேறு உலகத்தவர்கள். பிற உலகில் தங்கினால் பத்தாண்டுகளில் உடல் தளர்ந்து சாக வேண்டும். உலகங்களுக்கிடையே திறந்த சன்னல்களை மூடியாக வேண்டும். ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைக்கலாம், அதையும் இறந்தவர்கள் வெளியேறுவதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள். பிறகு ஒப்பந்தம்: ஆண்டுக்கு ஒரு முறை, நடுக்கோடை நாளில், நண்பகலில், ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் அந்தப் பெஞ்சில், அவரவர் உலகில், ஒரு மணி நேரம். அந்தப் பெஞ்சு இன்றும் வாசகர்கள் தேடிப் போகும் இடம்.

பிரிடெய்னில் எய்லோன்விக்கு மோதிரம் கிடைக்கிறது. புல்மன் மோதிரம் கொடுக்கவில்லை. கோதை அவர்களின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது, ஆனால் என் கோபம் வேறு: அந்த மோதிரமே வந்திருக்கக் கூடாது. டாரன் தனியாக நின்று சுவர் கட்டியிருக்க வேண்டும்.

திருச்சி கோதை:

கரிசல்காட்டான், அப்படி எழுதியிருந்தால் நானே அந்தப் புத்தகத்தைக் குழந்தைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவள் தன் சக்தியோடு கப்பலேறுகிறாள், இவன் தன் பட்டியலோடு தங்குகிறான். இருவரும் முழுமையாக இருந்திருப்பார்கள்.

மாடிப்படி வாசகன்:

பன்னிரண்டு வயது வாசகனிடம் கோல், ரூன், அன்லா, யாழ், மாத் மன்னர், கேர் டாத்தில் கோட்டை என்று எல்லாவற்றையும் பறித்தாயிற்று. டாரனின் தோழர்கள் குர்கியும் ஃப்ளெவ்டரும்கூடக் கப்பலில் போய்விட்டார்கள். எய்லோன்வியையும் பறித்தால் அது முடிவில்லை, தண்டனை.

பழைய பேப்பர்:

நம் ஊரில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, பாதியில் நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் விடவில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று, இவளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகள். கல்கி முடிவுரை என்று தனியாக எழுதி, ஒவ்வொருவரின் பிற்கால வாழ்க்கையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் ஐந்தாம் பாகத்தின் பெயரே ‘தியாக சிகரம்’. அருள்மொழிவர்மன் மணிமுடியை இன்னொருவன் தலையில் வைக்கிறான். அதைப் படித்து வளர்ந்த எனக்கு, மணிமுடியை வாங்கிக்கொள்ளும் நாயகன் ஒரு படி கீழேதான். டாரன் மறுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

நூலகத்துப் பூனை:

யாரிடம் கொடுப்பான், ஐயா? அருள்மொழிவர்மனுக்கு உத்தம சோழன் இருந்தான். இங்கே நாட்டை ஆண்ட டான் குலம் முழுவதும் கப்பலில் ஏறிவிட்டது. மறுத்தால் சிம்மாசனம் காலி, குறுநில மன்னர்கள் அடித்துக்கொள்வார்கள். தியாகம் செய்யவும் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

பழைய பேப்பர்:

ஆள் இல்லாமல் செய்தது யார்? மறுபடி அதே ஆசிரியர்தான். கோதை சொன்னதுதான் என் பதிலும்.

கரிசல்காட்டான்:

பழைய பேப்பரும் கோதையும் ஒரே அணியில் நிற்பதை இந்தக் குழுவில் இப்போதுதான் பார்க்கிறேன். முடிவு எவ்வளவு வலிமையானது பாருங்கள்.

வில்லனைப் பற்றி ஒரு சந்தேகம். அரான் ஐந்து புத்தகங்களாக நிழலாகவே இருக்கிறான். கடைசியில் வந்து, வேறொருவர் உருவத்தில் ஏமாற்றிப் பார்த்து, பாம்பாகி, ஒரே வெட்டில் செத்துப்போகிறான். கொப்பரையில் பிறந்த சாகாத வீரர்களும் ஒருவன் விழுந்தால் அத்தனை பேரும் விழுகிறார்கள். இது உங்களுக்கு உறுத்தவில்லையா?

மாடிப்படி வாசகன்:

உறுத்துகிறது. தொடரின் பலவீனமான இடம் அதுதான். டாரன் பாறையை உருட்டி எதிரியின் மேல் தள்ளப் போக, அதன் அடியில் அந்த மந்திர வாள் கிடைப்பது எனக்குப் பிடிக்கும். அவன் வாளைத் தேடவில்லை, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கல்லைத்தான் தள்ளினான். ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகச் சரிகின்றன. அலெக்சாண்டருக்கு அரான் மேல் அக்கறை இல்லை என்று நினைக்கிறேன். அரான் செய்த பெரிய கொடுமை என்ன என்று ஆசிரியர் சொல்வதைப் பாருங்கள்: உழவு, உலோகம், நெசவு முதலிய தொழில்களின் நுட்பங்களை மக்களிடமிருந்து திருடி, தானும் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தான். அரானின் கோட்டையான அன்னூவினின் கருவூலம் எரியும்போது எல்லோரும் தங்கத்தைப் பார்க்க, குர்கி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறான். அதில் இருப்பவை அந்தத் தொழில் ரகசியங்கள். வேலைப் பட்டியலோடு தங்கப் போகிறவனுக்குத் தேவையானது அந்தப் பெட்டிதான். வாளைவிட அது முக்கியம் என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார், அதனால் வாள் காட்சி மெலிந்துவிட்டது.

நெறியாளர்:

விவாதம் நன்றாகப் போகிறது. ஆனால் தலைப்பில் ‘கதை உடைபடும்’ என்ற குறிப்பைச் சேர்த்திருக்கிறேன். புல்மனையும் ரையர்டனையும் உடைப்போம் என்று முதல் பதிவில் எச்சரிக்கை இல்லை, ஏற்கெனவே ஒருவர் புகார் அனுப்பிவிட்டார்.

வாடாமல்லி:

புகார் அனுப்பியவர் யாராக இருந்தாலும் மன்னியுங்கள்.

ஒரு உதவி வேண்டும். அக்கா மகளுக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள். முதல் மூன்று புத்தகங்களை ஓடி ஓடிப் படித்தவள் நான்காவதில் நின்றுவிட்டாள், ‘இதில் ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறாள். நேராக ஐந்தாவதைக் கொடுத்துவிடலாமா?

நூலகத்துப் பூனை:

கொடுக்காதீர்கள். நான்காவதை மூடிவைத்துவிட்டு ஓராண்டு கழித்து எடுக்கச் சொல்லுங்கள். க்ராடாக் பகுதி பிடிபட அந்த இடைவெளி உதவும். 1973இல் ‘தி ஃபவுண்ட்லிங்’ என்ற சிறுகதைத் தொகுதி ஒன்று வந்தது, பிரிடெய்ன் உலகத்தின் பழைய கதைகள். டால்பென் அந்தப் புத்தகத்தைப் பெற்ற கதை அதில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அதைப் படிக்கட்டும், எந்த முடிவையும் அது கெடுக்காது.

திருச்சி கோதை:

ஐந்தாவதை அவள் படித்து முடித்த அன்றைக்கு, மோதிரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள், வாடாமல்லி. நாம் எல்லோரும் வயதானவர்கள், நம் தீர்ப்பை விட அது முக்கியம். பழைய பேப்பருக்காக மணிமுடியைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.